விக்கெட் பக்கம் எதைச் சுமக்கிறது? கம்போனன்ட் நிலையும் டீபக் லாகும்

ஜாவாவில் வலைப் பயன்பாடுகள் எழுத உதவும் அப்பாச்சி விக்கெட்டில் எழுதிய ஒரு திருத்தப் படிவம். திறக்கிறது, மாற்றுகிறோம், சேமிக்கிறது. பிரவுசரில் பேக் பட்டனை அழுத்தி, அதே படிவத்துக்குத் திரும்பிவந்து சேமித்தால் மட்டும் நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் (‘நல்’, அதாவது மதிப்பே இல்லாத ஒன்றைத் தொட்டதற்கான ஜாவா பிழை). காரணம் தேட, மதிப்பை லாகில் பதியும் ஒரு டீபக் வரியைச் சேர்க்கிறோம். இப்போது சேமித்த பிறகும் திரையில் பழைய மதிப்பே நிற்கிறது. ஒரு பிழையைத் தேடப் போன இடத்தில் இன்னொன்று முளைத்துவிட்டது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: எந்தத் தரவு கம்போனன்டுக்குள் (பக்கத்தைக் கட்டும் படிவம், பெட்டி போன்ற உறுப்புக்குள்) வாழ்கிறது, எவ்வளவு நேரம் வாழ்கிறது என்ற கணக்கு. டீபக் வரியும் அந்தக் கணக்குக்குள் வருகிறது. கம்போனன்டைத் தொட்டு மதிப்பைக் கேட்கும் எந்த வரியும் அதன் நிலையை மாற்றக்கூடும். அதனால்தான் விக்கெட்டில் நிலை நிர்வாகத்தையும் லாக் எழுதுவதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

அசலும் நகலும்

விக்கெட்டில் ஒரு பக்கம் என்பது சர்வரில் இருக்கும் ஜாவா ஆப்ஜெக்ட்களின் மரம். பக்கத்துக்குள் படிவம், படிவத்துக்குள் உள்ளீட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் அதன் ஃபீல்டுகள். ஒரு ரிக்வெஸ்ட் முடியும்போது விக்கெட் இரண்டு வேலை செய்கிறது. முதலில் மரம் முழுவதையும் டிட்டாச் செய்கிறது, அதாவது அந்த ரிக்வெஸ்டுக்கு மட்டும் தேவைப்பட்ட தரவைக் கழற்றிவிடச் சொல்கிறது. பிறகு மிச்சமிருக்கும் மரத்தைச் சீரியலைஸ் செய்து, அதாவது பைட்டுகளாக மாற்றி, பேஜ் ஸ்டோரில் போடுகிறது. வழக்கமான அமைப்பில் அந்த ஸ்டோர் சர்வரின் டிஸ்கில் இருக்கும். எழுதும் வேலை தனி த்ரெட்டில் நடக்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. பயனர் கடைசியாகத் தொட்ட பக்கத்தின் அசல், செஷனோடு சேர்ந்து நினைவகத்திலேயே இருக்கும். அடுத்த ரிக்வெஸ்ட் அதே பக்கத்துக்கு வந்தால் கிடைப்பது அந்த அசல். பேக் பட்டனில் முந்தைய பக்கத்துக்குப் போனாலோ, கிளஸ்டரில் வேறு சர்வருக்கு ரிக்வெஸ்ட் மாறினாலோ கிடைப்பது பைட்டுகளிலிருந்து மீட்ட நகல். அசலுக்கும் நகலுக்கும் உள்ள வித்தியாசம் டிரான்சியன்ட் ஃபீல்டுகளில், அதாவது சீரியலைஸ் செய்யும்போது விட்டுவிடும்படி குறித்த ஃபீல்டுகளில் வெளிப்படும். கன்ஸ்ட்ரக்டரில் மதிப்பு கொடுத்த டிரான்சியன்ட் ஃபீல்டு அசலில் அப்படியே இருக்கும். நகலில் ‘நல்’ ஆகிவிடும், ஏனென்றால் மீட்கும்போது கன்ஸ்ட்ரக்டர் ஓடுவதில்லை. முதலில் சொன்ன நல் பாயின்டரின் கதை பெரும்பாலும் இதுதான். டெவலப்பர் தன் கணினியில் நேராக நடந்து பார்க்கும்வரை அசலோடு மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார். பயனர்கள் பின்னோக்கி நடக்கும்போதுதான் நகல் மேடைக்கு வருகிறது.

டிரான்சியன்ட் என்று குறித்த எதையும் நேரடியாகப் படிக்காமல், ‘நல் ஆக இருந்தால் மறுபடி உருவாக்கு’ என்று தொடங்கும் ஒரு மெத்தட் வழியாக மட்டும் படிப்பது பாதுகாப்பு. அப்படி மறுபடி உருவாக்க முடியாத தரவு என்றால், அதை டிரான்சியன்ட் ஆக்கியதே தவறு.

இடத்துக்கும் கணக்கு உண்டு. டிஸ்க் ஸ்டோரில் ஒரு செஷனுக்கு இயல்பாக 10 எம்பி ஒதுக்கீடு. ஒரு பக்கம் 50 கேபி என்றால் சுமார் 200 பக்கங்கள் நிற்கும். 500 கேபி என்றால் 20 மட்டுமே. இடம் தீர்ந்தால் மிகப் பழையவை மேலெழுதப்படும். அந்தப் பக்கத்துக்கு யாராவது திரும்பினால் ‘பேஜ் எக்ஸ்பயர்ட்’. முகவரியிலிருந்தே மறுபடி திறக்கக்கூடிய பக்கமாக இருந்தால் விக்கெட் பிழை காட்டாமல் புதிதாகவே ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிடும். அது இயல்பான அமைப்பு. ‘நான் போட்ட வடிகட்டி தானாகப் போய்விட்டது’ என்று பயனர் சொல்லி, லாகில் எந்தத் தடயமும் இல்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

தெரியாமல் ஏறும் சுமை

கண்ணுக்குத் தெரியும் ஃபீல்டுகள் பிரச்சினையில் ஒரு பாதிதான். பெயரில்லாத உள் கிளாஸ்களும் லாம்டாக்களும் தங்களைச் சுற்றியிருக்கும் மாறிகளைப் பிடித்துக்கொள்கின்றன. கன்ஸ்ட்ரக்டருக்கு வந்த வாடிக்கையாளர் ஆப்ஜெக்டை ஒரு லிங்கின் ‘ஆன்-கிளிக்’ மெத்தட்டுக்குள் பயன்படுத்தினால், ஃபீல்டு எதுவும் அறிவிக்காமலே அந்த ஆப்ஜெக்டும், அதிலிருந்து தொங்கும் ஆர்டர்களும், ஆர்டர்களின் வரிகளும் பக்கத்தோடு சீரியலைஸ் ஆகும். அது ஹைபர்நேட் தந்த என்டிட்டி (டேட்டாபேஸ் பதிவைச் சுமக்கும் ஜாவா ஆப்ஜெக்ட்) என்றால், சோம்பல் ஏற்றத்துக்கான ப்ராக்சிகளும், அதாவது கேட்கும்போது மட்டும் தரவை எடுக்கும் பதிலிகளும் கூடவே வரும். ஹைபர்நேட்டின் செஷன் மூடிய பிறகு அவற்றைத் தொட்டால் வேறொரு எக்ஸெப்ஷன் காத்திருக்கிறது.

லாம்டாவில் ஒரு சின்ன இடறல் அடிக்கடி நடக்கிறது. ஐடியை மட்டும் வைத்துக்கொள்வதாக நினைத்து, லாம்டாவின் உள்ளேயே வாடிக்கையாளரிடம் ஐடியைக் கேட்டால், பிடிபடுவது முழு வாடிக்கையாளர்தான். ஐடியை முந்தைய வரியிலேயே ஒரு லோக்கல் மாறியில் எடுத்துவைத்து, லாம்டாவுக்குள் அந்த மாறியை மட்டும் பயன்படுத்த வேண்டும். ஒரே வரி இடம் மாறுகிறது, பக்கத்தின் எடை பல மடங்கு குறைகிறது. அதேபோல லாம்டா பக்கத்தின் ஒரு ஃபீல்டைத் தொட்டால் அது பக்கத்தையே பிடித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்துக்குள் இருக்கும்வரை தொல்லையில்லை. அந்த லாம்டாவை வைத்துச் செய்த மாடலை (கம்போனன்டுக்கு மதிப்பைத் தரும் ஆப்ஜெக்டை) அடுத்த பக்கத்துக்குக் கையளித்தால், முதல் பக்கம் முழுவதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். பக்கத்துக்குப் பக்கம் திரும்பிவர வழி வேண்டுமென்றால் பக்கத்தின் ஆப்ஜெக்டைக் கொடுக்காமல் பேஜ்-ரெஃபரன்ஸைக் கொடுக்கவேண்டும். அதில் பக்க எண் மட்டுமே இருக்கிறது.

சர்வீஸ்களுக்கு ஸ்பிரிங் (சர்வீஸ்களை உருவாக்கி இணைத்துத் தரும் ஜாவா ஃப்ரேம்வொர்க்) ஒருங்கிணைப்பின் ‘ஸ்பிரிங்-பீன்’ குறிப்பைப் பயன்படுத்தினால் ஃபீல்டில் அமர்வது சீரியலைஸ் ஆகக்கூடிய ஒரு சிறிய ப்ராக்சி. கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிய நிஜ சர்வீஸை ஃபீல்டில் வைத்தால், சீரியலைசர் அதன் வழியே ஸ்பிரிங் கன்டெக்ஸ்ட்வரை இறங்கிப் பார்த்து எங்கேயாவது முட்டிக்கொள்ளும். சர்வீஸை ஃபீல்டில் பொருத்தும் இந்த ‘இன்ஜெக்ஷன்’ வேலை கம்போனன்டுகளுக்குத் தானாக நடக்கும். மாடல்களும் சாதாரண கிளாஸ்களும் தங்கள் கன்ஸ்ட்ரக்டரில் இன்ஜெக்டரைத் தாங்களே அழைக்க வேண்டும்.

லாகரும் ஒரு ஃபீல்டுதான். அதை எப்போதும் ஸ்டாடிக் ஃபைனலாக அறிவியுங்கள். ஸ்டாடிக் ஃபீல்டுகள் சீரியலைசேஷனுக்குள் வருவதில்லை, மீட்ட நகலிலும் ‘நல்’ ஆவதில்லை.

மாடல்: எதை வைத்திருக்கிறது, எதைத் தேடித்தருகிறது

பெயரைக் காட்டும் லேபிளுக்குப் பெயரை நேரடியாக ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் அது உருவான கணத்தின் மதிப்பிலேயே உறைந்துவிடும். பக்கம் எத்தனை முறை ரெண்டர் ஆனாலும் (திரைக்காக வரையப்பட்டாலும்) மாறாது. என்டிட்டியையும் ‘பெயர்’ என்ற பண்பையும் சேர்த்துப் ப்ராப்பர்ட்டி மாடல் கொடுத்தால் மதிப்பு மாறும், ஆனால் என்டிட்டி முழுவதும் பக்கத்தில் குடியேறும். என்டிட்டியைத் தேடித்தரும் ஒரு லோடபிள்-டிட்டாச்சபிள் மாடலை உருவாக்கி, அதன்மேல் ப்ராப்பர்ட்டி மாடலை அடுக்கினால் பக்கத்தில் தங்குவது ஐடி மட்டும். ரிக்வெஸ்டில் முதன்முறை கேட்கும்போது டேட்டாபேஸிலிருந்து எடுக்கும், ரிக்வெஸ்ட் முடியும்வரை கையில் வைத்திருக்கும், டிட்டாச்சில் விட்டுவிடும்.

ஆனால் டிட்டாச்சை யார் அழைப்பது? கம்போனன்டின் இயல்பு மாடலை விக்கெட் தானே டிட்டாச் செய்யும். நீங்கள் தனி ஃபீல்டில் வைத்திருக்கும் இரண்டாவது மாடலைப் பற்றி விக்கெட்டுக்குத் தெரியாது. ‘ஆன்-டிட்டாச்’ மெத்தட்டை ஓவர்ரைட் செய்து அதை நீங்கள்தான் டிட்டாச் செய்யவேண்டும். மறந்தால் வரும் நோயின் அறிகுறி வினோதமானது: மாடலுக்குள் தரவு டிரான்சியன்ட் ஃபீல்டில் இருப்பதால் டிஸ்க் நகல் சுத்தமாக இருக்கும், நினைவகத்து அசலில் மட்டும் பழைய தரவு ஒட்டிக்கொண்டிருக்கும். வேறொருவர் செய்த மாற்றம் இந்தத் திரையில் தெரியவே தெரியாது. பக்கத்தை மூடித் திறந்தால் சரியாகிவிடும். பேக் பட்டனில் வந்தாலும் சரியாக இருக்கும்! முன்பு பார்த்த டிரான்சியன்ட் பிழைக்கு நேர் எதிர்த் தோற்றம் இது. இந்த இரண்டு அறிகுறிகளையும் நினைவில் வைத்திருந்தால் பாதி நோய்களை லாக் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம்.

எல்லா இடத்திலும் லோடபிள்-டிட்டாச்சபிள் மாடல்தான் சரி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று படிகள் கொண்ட விசார்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் பயனர் கொடுத்த மதிப்பு மாடலின் ஆப்ஜெக்டில் ஏறும். ரிக்வெஸ்ட் முடிந்து டிட்டாச் ஆனதும் அது மறைந்துபோகும். இரண்டாம் படியில் டேட்டாபேஸிலிருந்து பழைய மதிப்பே வரும். இத்தகைய இடத்தில் தேவையான ஃபீல்டுகள் மட்டும் கொண்ட ஒரு சிறிய வரைவு ஆப்ஜெக்டைச் சாதாரண மாடலில் வைத்துக் கடைசிப் படியில் என்டிட்டிக்கு மாற்றுவதே முறை.

ஒற்றைப் படிவத்திலும் ஒரு குழி உண்டு. ஆப்டிமிஸ்டிக் லாக்கிங்குக்காக (இருவரின் மாற்றம் மோதுவதைச் சேமிக்கும்போது கண்டுபிடிக்கும் முறைக்காக) என்டிட்டியில் வெர்ஷன் எண் வைத்திருப்போம். படிவத்தைத் திறந்தபோது எண் 7. இடையில் வேறொருவர் சேமித்து 8 ஆக்கிவிட்டார். நாம் சமர்ப்பிக்கும்போது மாடல் புதிதாக எடுத்துத் தருவது 8. மோதல் இருப்பதே ஹைபர்நேட்டுக்குத் தெரியாமல் அவர் மாற்றத்தின்மேல் நம் மாற்றம் எழுதப்படும். திறந்த நேரத்து வெர்ஷன் எண்ணைப் பக்கத்தில் ஒரு ஃபீல்டாக வைத்து, சேமிக்குமுன் ஒப்பிட வேண்டும். பக்கத்தில் நிலை வைப்பது இங்கே அவசியம். ஒரு எண்தான், சுமையும் இல்லை.

பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. லிஸ்ட்-வியூ ஒவ்வொரு ரெண்டரிலும் தன் வரிகளைக் களைந்து புதிதாகக் கட்டும். அதற்குள் உள்ளீட்டுப் பெட்டிகள் இருந்தால், சரிபார்ப்பில் தோல்வியடைந்த படிவம் திரும்பி வரும்போது பயனர் தட்டச்சு செய்ததும் பிழைச் செய்திகளும் பழைய வரிகளோடு போய்விடும். படிவத்துக்குள் வரும் லிஸ்ட்-வியூவுக்கு ‘செட்-ரீயூஸ்-ஐட்டம்ஸ்’ உண்மை என்று கொடுக்கவேண்டும்.

தெரிவதும் மறைவதும் கூட நிலைதான். ‘செட்-விசிபிள்’ ஒருமுறை அழைத்தால் அது பக்கத்தோடு சேமிக்கப்பட்டு, மறுபடி மாற்றும்வரை நிற்கும். தரவைப் பொறுத்து மாறவேண்டிய தோற்றத்தை ‘ஆன்-கான்ஃபிகர்’ மெத்தட்டில் கணக்கிட்டுக் கொடுங்கள். ‘இஸ்-விசிபிள்’ மெத்தட்டை ஓவர்ரைட் செய்தால் ஒரே ரிக்வெஸ்டில் அது பலமுறை அழைக்கப்படும். நடுவில் விடை மாறினால் பாதி ரெண்டரில் குழப்பம் வரும். ஏஜாக்ஸில் (பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் முறையில்) மறைத்துக் காட்டும் கம்போனன்டுக்கு ‘செட்-அவுட்புட்-மார்க்கப்-ப்ளேஸ்ஹோல்டர்-டேக்’ இல்லையென்றால், மறைந்த பிறகு திரும்பிவர பிரவுசரில் அதற்கு இடமே இருக்காது.

முகவரியைப் படிப்பது

விக்கெட் பக்கத்தின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் 3-1 என்று வருவது சும்மா இல்லை. 3 பக்க எண்; 1 அந்தப் பக்கம் எத்தனையாவது முறை ரெண்டர் ஆனது என்ற எண்; அதன் பிறகு வருவது அழுத்தப்பட்ட கம்போனன்டின் பாதை. கம்போனன்ட் சேர்த்தல், நீக்கல், தோற்றம் மாற்றல், இயல்பு மாடலின் மதிப்பைக் கம்போனன்ட் வழியாக மாற்றல் ஆகியவை நடந்தால் பக்கத்துக்குப் புது எண் விழும். பழைய எண்ணில் பழைய நிலை அப்படியே இருக்கும். பேக் பட்டன் சரியாக வேலை செய்வது இந்த ஏற்பாட்டினால்தான். உங்கள் சொந்த ஃபீல்டை நேரடியாக மாற்றினால் விக்கெட்டுக்குத் தெரியாது, எண் கூடாது. பின்னோக்கிப் போனாலும் புதிய மதிப்பே தெரியும். அதைப் பழையபடி காட்டவேண்டுமென்றால் மாற்றுமுன் ‘ஆட்-ஸ்டேட்-சேஞ்ச்’ அழைக்கவேண்டும். ஏஜாக்ஸ் ரிக்வெஸ்டில் பக்க எண் உறைந்திருக்கும், ஏனென்றால் முகவரிப் பட்டை மாறுவதில்லை. ஏஜாக்ஸ் நிறைந்த திரையில் பேக் பட்டன் பல படிகள் தாவுவது இதனால்.

பழைய ரெண்டர் எண்ணோடு ஒரு லிங்க் அழுத்தப்பட்டால் ஸ்டேல்-பேஜ் எக்ஸெப்ஷன் உள்ளுக்குள் எழுந்து, செயல் நடக்காமல் பக்கம் மறுபடி காட்டப்படும். ஒரே பக்கத்தை இரண்டு டேபில் திறந்திருப்பவர் ‘பட்டனை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுதான். ரிக்வெஸ்ட் லாகில் முகவரி முழுவதையும் பதிவது இதற்காகவே பயன்படும். 3-1 வந்த இடத்தில் 3-2 எதிர்பார்க்கப்பட்டது என்பதை எண்களே சொல்லிவிடும்.

பக்கத்துக்குரிய தரவை அப்ளிகேஷனின் சொந்த செஷன் கிளாஸில் வைக்கும் பழக்கம் இதே இரண்டு டேப் பயனரைத்தான் கடிக்கும். செஷன் இரு டேபுகளுக்கும் பொது, பக்கம் தனித்தனி.

சீரியலைசேஷன் தோல்வியை வாசிக்கும் விதம்

பக்கத்தைச் சேமிக்க முடியாமல் போனால் பயனருக்கு அந்தக் கணத்தில் ஒன்றும் தெரியாது. பக்கம் ஏற்கெனவே ரெண்டர் ஆகி அனுப்பப்பட்டிருக்கும். லாகில் மட்டும் ஜாவா-சீரியலைசரின் பெயரில் ஒரு எரர் விழும். விளைவு பல நிமிடம் கழித்து, பேக் பட்டனில், ‘பேஜ் எக்ஸ்பயர்ட்’ என்று வேறு முகத்தோடு வரும். ஆகவே இந்த லாகரின் எரர்களைத் தயாரிப்புச் சூழலிலும் தனியாகக் கவனிக்க வேண்டும்; ‘பக்கம் வேலை செய்கிறதே’ என்று ஒதுக்கக்கூடாது.

அந்த எரரில் விக்கெட் பக்கத்திலிருந்து தொடங்கிப் பிரச்சினையான ஃபீல்டுவரை ஒவ்வொரு படியாக இறங்கிக் காட்டும். கடைசி வரியில் ஒரு அம்புக்குறி. பலரும் அம்புக்குறியைப் பார்த்து அந்தக் கிளாஸைச் சீரியலைசபிள் ஆக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் தவறான மருந்து. அம்பு காட்டுவது முட்டிய இடம். திருத்த வேண்டிய இடம் அதற்கு நாலைந்து வரி மேலே, உங்கள் சொந்தக் கிளாஸ் கடைசியாகத் தோன்றும் வரியில் இருக்கும். ‘வால்’ என்ற முன்னொட்டோடு டாலர் குறி கலந்த ஃபீல்டு பெயர் அங்கே தெரிந்தால், உள் கிளாஸ் ஒன்று மாறியைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். ‘திஸ்’ என்று தொடங்கி டாலர் குறி வந்தால் அது வெளிக் கிளாஸையே பிடித்திருக்கிறது.

இந்தப் பிழைகளை முன்கூட்டியே பிடிக்க விக்கெட்டின் டெஸ்ட் கருவியான விக்கெட்-டெஸ்டர் மட்டும் போதாது. அதன் போலி பேஜ் மேனேஜர் பக்கங்களைச் சீரியலைஸ் செய்யாமல் அப்படியே வைத்துக்கொள்ளும். எனவே டெஸ்டில் பக்கத்தைத் திறந்த பிறகு, ஃப்ரேம்வொர்க் செட்டிங்ஸிலிருந்து சீரியலைசரை வாங்கி, பக்கத்தைப் பைட்டாக்கி, பைட்டைத் திரும்பப் பக்கமாக்கி, அந்த நகலை ரெண்டர் செய்யச் சொல்லுங்கள். சீரியலைஸ் ஆகாத ஃபீல்டு, ‘நல்’ ஆகிப்போகும் டிரான்சியன்ட் இரண்டும் ஒரே டெஸ்டில் அகப்படும். பைட் வரிசையின் நீளத்துக்கும் ஒரு உச்சவரம்பு வைத்தால், யாராவது தெரியாமல் என்டிட்டிப் பட்டியலை ஏற்றும் நாளில் டெஸ்ட் சிவக்கும். உருவாக்கச் சூழலில் கண்ணால் பார்க்க விக்கெட்-டெவ்யூட்டில்ஸின் டீபக் பார் பக்க அளவையும் செஷன் அளவையும் திரையின் மூலையிலேயே காட்டும்.

பார்க்கும் வரி மாற்றும் வரி ஆகும்போது

விக்கெட் 1.3 முதல் எஸ்எல்எஃப்4ஜே என்ற ஜாவா லாக் இடைமுகம் வழியாகத்தான் லாக் எழுதுகிறது. அதில் சுருள் அடைப்புகளை இடம்பிடிப்பாக வைத்து மதிப்பைத் தனி ஆர்க்யுமென்டாகக் கொடுக்கும் முறை எல்லோருக்கும் பழக்கம். டீபக் அணைந்திருந்தால் ஸ்ட்ரிங் கட்டப்படாது என்பது உண்மை. ஆனால் ஆர்க்யுமென்ட் கணக்கிடப்படாது என்று நம்புவது பிழை. ‘மதிப்பு என்ன’ என்ற செய்திக்கு ஆர்க்யுமென்டாக ‘கெட்-மாடல்-ஆப்ஜெக்ட்’ அழைப்பைக் கொடுத்தால், லாக் நிலை எதுவாக இருந்தாலும் அந்த அழைப்பு ஓடும். மாடல் ஏற்றப்படும். டேட்டாபேஸ் குவெரி போகும்.

விளைவு வேகக் குறைவோடு நிற்பதில்லை. ‘ஆன்-சப்மிட்’ தொடக்கத்தில் ஒரு டீபக் வரி மாடலை ஏற்றுகிறது. அடுத்த வரியில் சர்வீஸ் ஐடியை வைத்துத் தனி ட்ரான்சாக்ஷனில் பதிவை மாற்றுகிறது. பிறகு பக்கம் ரெண்டர் ஆகும்போது மாடல் மறுபடி டேட்டாபேஸுக்குப் போவதில்லை, கையிலிருக்கும் பழையதையே கொடுக்கிறது. டீபக் வரி இல்லாதபோது மாடல் முதன்முறையாக ரெண்டரில் ஏறும், புதிய மதிப்பைக் காட்டும். தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது பிழை இப்படித்தான் பிறந்தது. இத்தகைய மெத்தட்டில் லாக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாற்றம் முடிந்ததும் மாடலை நீங்களே ஒருமுறை டிட்டாச் செய்துவிடுவது நல்ல ஒழுக்கம்.

இதே இனத்தைச் சேர்ந்தவை இன்னும் சில. கன்ஸ்ட்ரக்டரில் ‘கெட்-பேஜ்’ கேட்டால் எக்ஸெப்ஷன், ஏனென்றால் கம்போனன்ட் இன்னும் மரத்தில் சேரவில்லை. ‘ஆன்-இனிஷியலைஸ்’ வரும்போது சேர்ந்திருக்கும். ‘இஸ்-விசிபிள்’ மதிப்பை ‘ஆன்-கான்ஃபிகர்’ ஓடுமுன் பதிந்தால் போன ரிக்வெஸ்டின் விடை கிடைக்கும். என்டிட்டியை அப்படியே லாகுக்குக் கொடுத்தால் அதன் டு-ஸ்ட்ரிங் சோம்பல் தொடர்புகளை எழுப்பலாம்.

ஆகவே லாகில் எழுத வேண்டியவை மலிவானவையும் மாடலைத் தொடாதவையும்: பக்கத்தின் கிளாஸ் பெயர், பக்க எண், கம்போனன்டின் பக்கம்சார் பாதை, என்டிட்டியின் ஐடி. பாதைக்கு ‘கெட்-பேஜ்-ரெலடிவ்-பாத்’ போதும். கோலன்களால் பிரிந்த பெயர் வரிசை வரும்; முகவரியில் கோலனுக்குப் பதில் சிறுகோடு (-) இருக்கும் என்பதை நினைவில் வைத்து அங்குள்ள பாதையோடு ஒப்பிடலாம். மாடலின் மதிப்புதான் வேண்டும் என்ற நிலையில் ‘இஸ்-டீபக்-எனேபிள்ட்’ காவலுக்குள் வையுங்கள், எஸ்எல்எஃப்4ஜே 2.0 என்றால் ‘அட்-டீபக்’ வழியாக சப்ளையரைக் கொடுக்கலாம், அணைந்திருக்கும்போது அது ஓடாது. எரிந்திருக்கும்போது மாடலை ஏற்றும் என்பது மட்டும் மாறாது.

எங்கே எழுதுவது

ஒரு கம்போனன்டின் வாழ்வு கன்ஸ்ட்ரக்டர், பிறகு வாழ்நாளில் ஒரே முறை ‘ஆன்-இனிஷியலைஸ்’, பிறகு ஒவ்வொரு ரெண்டரிலும் ‘ஆன்-கான்ஃபிகர்’, ‘ஆன்-பிஃபோர்-ரெண்டர்’, ரெண்டர், கடைசியில் ‘ஆன்-டிட்டாச்’ என்று போகும். மறைந்திருக்கும் கம்போனன்டுக்கு ‘ஆன்-பிஃபோர்-ரெண்டர்’ வராது. மறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு ‘ஆன்-கான்ஃபிகர்’ கூட வராது. ஒரு லாக் வரி வரவில்லை என்றால் கம்போனன்ட் இல்லை என்று முடிவுகட்டுமுன் பெற்றோரின் தோற்றத்தைப் பாருங்கள்.

படிவங்களில் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஒரே பெட்டிக்கு ஒரே கணத்தில் மூன்று மதிப்புகள் இருக்கலாம். பயனர் தட்டச்சு செய்த மூல எழுத்து ‘கெட்-இன்புட்’டில் இருக்கும். அது எண்ணாகவோ தேதியாகவோ மாறிய வடிவம் ‘கெட்-கன்வெர்ட்டட்-இன்புட்’டில் இருக்கும். மாடலில் இருப்பது பழைய மதிப்பு. விக்கெட் முதலில் எல்லாப் பெட்டிகளையும் மாற்றி, சரிபார்த்து, அனைத்தும் தேறினால் மட்டுமே மாடல்களைப் புதுப்பிக்கிறது. அதன் பிறகே ‘ஆன்-சப்மிட்’. ஒரு பெட்டி தோற்றாலும் எந்த மாடலும் மாறாது, ‘ஆன்-எரர்’ வரும். சரிபார்ப்பு மெத்தட்டில் நின்றுகொண்டு மாடலின் மதிப்பைப் பதிந்துவிட்டு ‘பயனர் மாற்றியது வரவேயில்லை’ என்று தேடுவது வீண் அலைச்சல். அந்த இடத்தில் பதிய வேண்டியது மாற்றிய மதிப்பு.

தோற்ற படிவத்தில் மூல எழுத்து பெட்டிக்குள்ளேயே தங்கியிருக்கும், பயனர் மறுபடி தட்டச்சு செய்யாமல் இருக்க. அந்த நிலையில் ஒரு ‘மீட்டமை’ பட்டன் பின்னணி ஆப்ஜெக்டை நேரடியாக மாற்றினால் லாகில் புதிய மதிப்பு சரியாகத் தெரியும், திரையில் மட்டும் பழைய எழுத்து நிற்கும். ‘கிளியர்-இன்புட்’ அழைத்தால் தீர்ந்தது. அந்தப் பட்டனுக்கு ‘செட்-டிஃபால்ட்-ஃபார்ம்-ப்ராசஸிங்’ பொய் என்றும் இருக்கவேண்டும். இல்லையேல் சரிபார்ப்பில் மறுபடி தோற்று அதன் ‘ஆன்-சப்மிட்’ ஓடவே ஓடாது.

ரிக்வெஸ்ட் அளவில் பார்ப்பது

ரிக்வெஸ்ட் லாகரை இயக்கினால் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் எடுத்த நேரம், எந்தப் பக்கம், எந்தக் கம்போனன்ட், செஷன் எண் ஆகியவை இன்ஃபோ நிலையில் ஒரு வரியாக விழும். செஷன் அளவையும் அது கணக்கிடும். அளப்பதற்குச் செஷனையே சீரியலைஸ் செய்துபார்க்க வேண்டியிருப்பதால், சுமை மிக்க சர்வரில் ‘ரெக்கார்ட்-செஷன்-சைஸ்’ஐ அணைத்துவிடுங்கள்.

எம்டிசி-யில் (த்ரெட்டோடு ஒட்டியிருந்து லாக் வரிகளில் சேரும் குறிப்புகளின் தொகுப்பில்) செஷன் எண்ணையும் பக்க எண்ணையும் போட்டுவைத்தால் எல்லா லாக் வரிகளிலும் அவை ஒட்டிக்கொள்ளும். ரிக்வெஸ்ட்-சைக்கிள் லிஸனரின் ‘ஆன்-ரிக்வெஸ்ட்-ஹேண்ட்லர்-ரிசால்வ்ட்’ அதற்கு ஏற்ற இடம்; எந்தப் பக்கம் என்று அப்போதுதான் தெரியவரும். துடைப்பதை ‘ஆன்-எண்ட்-ரிக்வெஸ்ட்’டில் செய்தால் டிட்டாச்சிலும் சேமிப்பிலும் விழும் எரர்கள், நாம் அதிகம் தேடும் அதே எரர்கள், அடையாளமின்றி நிற்கும். விக்கெட் ஃபில்ட்டரைச் சுற்றி ஒரு சர்வ்லெட் ஃபில்ட்டர் எழுதி அதன் ஃபைனலியில் துடையுங்கள். துடைக்காமலே விட்டால் த்ரெட் அடுத்த பயனருக்குப் போகும்போது முந்தையவரின் எண்ணையும் சுமந்து போகும். டிஸ்கில் எழுதும் தனி த்ரெட்டில் எம்டிசி இருக்காது என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை ‘தொங்குகிறது’ என்ற புகாருக்குப் பார்க்கவேண்டியது பக்கப் பூட்டு. ஒரு பக்கத்தை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே தொடலாம். முதல் ரிக்வெஸ்ட் நீண்ட அறிக்கை தயாரித்துக்கொண்டிருக்க, அதே பக்கத்தின் ஏஜாக்ஸ் டைமர் வந்து வாசலில் நிற்கும். இயல்பாக 1 நிமிடம் காத்துவிட்டு குட்-நாட்-லாக்-பேஜ் எக்ஸெப்ஷன். அந்த எக்ஸெப்ஷனில் காத்திருந்த த்ரெட்டின் ஸ்டாக் நமக்குப் பயன்படாது. பூட்டைப் பிடித்திருந்த த்ரெட் எங்கே நின்றது என்பதை விக்கெட் லாகில் தனியாகப் பதிகிறது, அதுவே தேவையான ஸ்டாக். ஆர்க்.அப்பாச்சி.விக்கெட்.பேஜ் என்ற பேக்கேஜின் லாகரை மட்டும் டீபக் ஆக்கினால் பூட்டு கேட்பது, கிடைப்பது, விடுவது மூன்றும் த்ரெட் பெயரோடு வரும். காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவது தீர்வாகாது. அறிக்கை வேலையைப் பின்னணி த்ரெட்டுக்கு மாற்றி, பக்கத்தில் அதன் வேலை எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆர்க்.அப்பாச்சி.விக்கெட் முழுவதையும் டீபக்கில் திறந்துவிடுவது தேடலுக்கு உதவாது. மார்க்கப் தேடல், ரிசோர்ஸ் தேடல், பண்புத் தேடல் எல்லாம் கொட்டி, வேண்டிய நாலு வரி அடியில் புதைந்துவிடும். வேர் நிலையில் வார்ன் வைத்து, தேடும் பேக்கேஜை மட்டும் திறப்பதே வசதி.

டிப்ளாய்மென்ட் நிலையைத் தனியே கவனியுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் விக்கெட் டெவலப்மென்ட் நிலையில்தான் கிளம்பும். தொடங்கும்போதே நட்சத்திரக் கோடு போட்டு அதை எச்சரிக்கும். அந்த நிலையில் பயனருக்கே ஸ்டாக் ட்ரேஸ் திரையில் தெரியும், விக்கெட் டேகுகள் மார்க்கப்பில் அப்படியே போகும், மார்க்கப் கோப்புகள் மாறினவா என்று நொடிக்கொருமுறை பார்க்கப்படும், மரத்தில் சேர்த்தும் மார்க்கப்பில் இடம்பெறாத கம்போனன்டுகளைத் தேடும் சோதனையும் ஓடும். விக்கெட்.கான்ஃபிகரேஷன் என்ற சிஸ்டம் ப்ராப்பர்ட்டியை டிப்ளாய்மென்ட் என்று கொடுத்தால் போதும். ஃபில்ட்டரின் அளவுருவிலும் கொடுக்கலாம், ஆனால் சிஸ்டம் ப்ராப்பர்ட்டிக்கே முதலிடம். இந்த நிலை மாற்றம் உங்கள் லாகர்களின் அளவைத் தொடாது. டெவலப்மென்டில் டீபக்காக விட்ட பேக்கேஜ் டிப்ளாய்மென்டிலும் டீபக்காகவே எழுதிக்கொண்டிருக்கும். லாக்பேக் அல்லது லாக்4ஜே அமைப்புக் கோப்பில் அதைத் தனியாக இறக்க வேண்டும்.